வாகமைப்பு: பழைய வண்டியைக் கஸ்டமைஸ் செய்வதற்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

பழைய புல்லட், எஸ்டி, ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளை வீட்டிலேயே செப்பனிட்டு எடுப்பவர்களுக்காக நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலில் ரெஸ்டோரேஷன், ரீபில்ட், கஸ்டமைஸேஷன் மூன்றுக்கும் 'புதுப்பித்தல்' என்றே போட்டிருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.சி.யை இன்னும் 5 ஆண்டுக்கு நீட்டி வாங்குவதும் புதுப்பித்தல்தான். "வண்டியைப் புதுப்பிச்சாச்சு" என்று ஒருவர் சொன்னால், பேப்பரையா என்ஜினையா என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ரீபில்டுக்கு நீண்ட யோசனை வேண்டாம். பட்டறையில் "பிரிச்சுக் கட்டணும்" என்றுதான் சொல்கிறார்கள். வீல் கட்டுகிறோம், லாரிக்குப் பாடி கட்டுகிறோம். அந்தக் 'கட்டு' ஏற்கெனவே இந்தத் தொழிலின் சொல். 'பிரித்துக்கட்டல்' என்று எழுதிவிடலாம்.

ரெஸ்டோரேஷன் அப்படியல்ல. பழைய 350 புல்லட்டின் வார்ப்பிரும்புச் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். துளை 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. ஹெட்டைக் கழற்றி, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் வருடினால் ஒரு சிறு படி தட்டுப்படும். பிஸ்டனின் மேல் ரிங் ஒவ்வொரு முறையும் நின்று திரும்புகிற இடம் அது. அங்கே சூடு அதிகம், எண்ணெய்ப் படலம் மெலிது, அதனால் தேய்மானமும் அங்கேதான் கூடுதல். லேத்தில் கொடுத்து போர் அடித்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி), தேய்ந்த அளவைப் பொறுத்து 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். கடைசியாக ஹோனிங் கல்லை விட்டுச் சுவரில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் விழச் செய்வார்கள். எண்ணெய் தங்குவது அந்தக் கோடுகளில்தான். இத்தனையும் முடிந்தபின் சிலிண்டர் பழைய அளவில் இல்லை. ஆனாலும் அந்த வண்டி தன் பழைய உருவுக்குத்தான் திரும்பியிருக்கிறது. அதனால் 'உருமீட்பு' என்கிறேன். அளவு கூடலாம், உதிரி புதிதாகலாம், உரு மாறக் கூடாது. எஸ்டியில் உதைமிதியே கியர் மிதியாகவும் மடங்கி வரும். பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. இவற்றை மாற்றிவிட்டு உருமீட்பு என்று சொல்ல முடியாது.

தக்கலை நண்பர், பழுதான கோயிலைத் திருத்திப் புதுக்குவதைக் குறிக்கும் 'ஜீர்ணோத்தாரணம்' என்ற சொல்லை நினைவூட்டினார். 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்த திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலைப் பற்றிப் பேசும்போது அது கச்சிதமான சொல். வண்டிப் பட்டறைக்கு அது ஒட்டாது.

இனி கஸ்டமைஸேஷன். கணினித் தமிழிலிருந்து 'தனிப்பயனாக்கம்' வந்து சேர்ந்திருக்கிறது. திரையின் நிறத்தையும் எழுத்தின் அளவையும் மாற்றுவதற்கு அது போதும். இங்கே நடப்பது வேறு. ஹேண்டில்பாரை மேலேற்றித் தோள்வலியைக் குறைக்கிறோம். சீட்டைத் தாழ்த்திக் கால் தரையில் ஊன்றும்படி செய்கிறோம். ஓட்டுகிறவரின் உடம்புக்கு வண்டியை இணக்குகிறோம். அளவெடுத்துச் சட்டை தைப்பது மாதிரியான வேலை. இதற்கு நம்மிடம் 'வாகு' இருக்கிறது. உடல்வாகு, கைவாகு என்கிறோம். பிடி நன்றாக அமைந்தால் "கைக்கு வாகா இருக்கு" என்கிறோம். வாகு, அமைப்பு இரண்டும் சேர்ந்து 'வாகமைப்பு'. வாகமைத்த வண்டி, வாகமைக்கும் பட்டறை என்று வினையாகவும் வரும். எழுத்தில் வாகமைப்பு, வாயில் "வாகு பண்ணுறது". பேச்சுக்கு இறங்கிவராத கலைச்சொல்லைப் பட்டியலில் வைத்துப் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நாகர்கோவிலிலிருந்து

*

அண்ணாச்சி,

உருமீட்பு, பிரித்துக்கட்டல் இரண்டும் சம்மதம். வாகமைப்பில்தான் எனக்குத் தடை. குலசேகரம் பக்கம் பையன்கள் செய்வது பெரும்பாலும் அழகுக்காக. பின் மட்கார்டை வெட்டுவார்கள், டேங்குக்கு மேட் கறுப்பு அடிப்பார்கள், சைலன்சரை மாற்றுவார்கள். உடம்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு? 'மாற்றியமைப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே. வாகமைப்பு என்றால் பலருக்கும் 'வாகன அமைப்பு' என்றுதான் காதில் விழும்.

குலசேகரத்திலிருந்து

*

தம்பி,

'மாற்றியமைப்பு' வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆலை கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. சட்டம் பேசுவது அந்த மாற்றத்தை. சேசிஸை வெட்டுவதற்கும், பிடியுறையை மாற்றுவதற்கும் ஒரே சொல்லை வைத்தால் படிக்கிற பையன் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வான். மாற்றியமைப்பு சட்டத்தின் சொல்லாகவே இருக்கட்டும். பட்டியலில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, எது எதற்கென்று ஒரு வரி எழுதுவோம்.

அழகைப் பற்றிய கேள்வி நியாயமானது. ஆனால் வாகு என்பதற்கு வசதி மட்டும் பொருளல்ல, வடிவும் அழகும்கூடப் பொருள்தான். டேங்கின் நிறம் அதற்குள் அடங்கும். வாகனம் என்று காதில் விழுவதில் எனக்குக் குறை தெரியவில்லை. பேசுவதே வண்டியைப் பற்றித்தானே.

நாகர்கோவிலிலிருந்து

*

நண்பர்களுக்கு வணக்கம்.

குளச்சலிலிருந்து ஒரு கேள்வி. இங்கே கடற்காற்றில் உப்பு. ஸ்போக் நிப்பிளில் தொடங்கி ரிம், சைலன்சர் என்று குரோம் முலாம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும். திரும்ப முலாம் பூசினால் மறுபடி அதே கதி. அதனால் என் அப்பாவின் புல்லட்டுக்கு எவர்சில்வர் ஸ்போக் போட்டு, ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் கொடுக்கப் போகிறேன். பார்வைக்குப் பழைய வண்டி, பொருள் வேறு. அப்பா "ஒண்ணும் மாத்தாண்டாம்" என்கிறார். இது உருமீட்பா, வாகமைப்பா?

*

தம்பி,

உருமீட்பு. உரு அப்படியே நிற்கிறது, நீங்கள் மாற்றுவது அது துருப்பிடிக்கும் வேகத்தை. அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம். ஒன்று மட்டும்: பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஃபிரேமில் குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரின் மேல் சூடு தாங்கும் டேப் ஒட்டச் சொல்லுங்கள். எழுத்துப் பள்ளத்தில் பூச்சு நிறைந்துவிட்டால் எஃப்.சி.யின்போது நம்பரைப் படிக்க முடியாது. பின்னால் அந்த இடத்தில் மட்டும் மெல்லிதாகப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

குலசேகரம் தம்பிக்கு மறுப்பு இல்லையென்றால் மூன்று சொற்களையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கியரை ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவரும் புல்லட்டின் நியூட்ரல் ஃபைண்டர் இன்னும் தமிழில்லாமல் கிடக்கிறது. அதை அடுத்து எடுப்போம்.

நாகர்கோவிலிலிருந்து