சிட்டுக்குஞ்சுகளின் உடலில் ஈப்புழுக்கள்: மருந்து தெளிக்கலாமா?

கேள்வி (டோங்காட், தென்னாப்பிரிக்கா)

ஹ்லுஹ்லுவேக்கு அருகே உறவினரின் பண்ணையை ஒட்டிய முள்மரவெளியில், மருலா மரத்தின் தாழ்வான பொந்தில் சாம்பல் தலைச் சிட்டு கூடு கட்டியிருக்கிறது. நேற்று எட்டிப் பார்த்தபோது மூன்று குஞ்சுகளில் ஒன்று இறந்துகிடந்தது; மற்ற இரண்டின் வயிற்றிலும் இறக்கையடியிலும் புழுக்கள் ஒட்டியிருந்தன. எங்கள் பாட்டி, காயப்போட்ட துணியை இஸ்திரி போடாமல் உடுத்தவே விடமாட்டார். அவர் அஞ்சும் அந்தப் புட்சி ஈதான் இங்கும் வந்துவிட்டதா? மருந்து தெளித்தால் மீதிக் குஞ்சுகள் பிழைக்குமா?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

புட்சி ஈ மணலிலும் ஈரத் துணியிலும் முட்டையிடும். அதன் புழு மனிதர், நாய், எலி ஆகியோரின் தோலுக்குள் புகுந்து வளர்வது. நீங்கள் கண்டது பெரும்பாலும் பாசெரோமையா ஹெடெரோகீட்டா என்னும் ஈயின் புழுவாக இருக்கும். வீட்டு ஈயின் குடும்பத்தைச் சேர்ந்த இதன் புழுக்கள் கூட்டின் மெத்தைக்குள் பதுங்கியிருந்து, குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சி, அங்கேயே கூட்டுப்புழுவாகின்றன. இரத்தம் குடித்த புழுவின் உடலுக்குள் செம்மை தெரியும். இதே பேரினத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலிய இனங்கள் சில தோலுக்கு அடியிலேயே தங்கிவிடுகின்றன. இறந்த குஞ்சில் புழு இருந்ததை மட்டும் வைத்து அதுதான் கொன்றது என்று முடிவு செய்துவிடாதீர்கள். குஞ்சு இறந்த பிறகும் பிணந்தின்னி ஈக்கள் வந்து முட்டையிடும்.

மறுமொழி (மொரீசியஸ், ரோஸ் ஹில்)

எங்கள் தீவின் எக்கோ கிளிக்குஞ்சுகளையும் இதே ஈ கொன்றிருக்கிறது. 1980-களில் பத்துப் பன்னிரண்டு கிளிகளே எஞ்சியிருந்த நிலையில் ஒவ்வொரு குஞ்சும் விலைமதிப்பற்றது என்பதால், பின்னர் பாதுகாவலர்கள் பொந்துகளில் பூச்சிமருந்தே இட்டார்கள். கலாபகோஸ் தீவுகளில், வெளியிலிருந்து வந்துசேர்ந்த ஃபிலோர்னிஸ் டவுன்சி என்னும் ஈயிடமிருந்து குருவிகளைக் காக்க, பெர்மெத்ரின் என்னும் பூச்சிமருந்து தோய்த்த பஞ்சை வைத்துப் பார்த்தார்கள். குருவிகள் அதைத் தாமே எடுத்துத் தம் கூட்டில் சேர்த்துக்கொண்டன.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அந்தக் கிளிகள் அழிவின் விளிம்பில் நின்றவை, ஐயா. சாம்பல் தலைச் சிட்டோ நம் சவன்னாவில் எங்கும் பரவியிருப்பது. ஆப்பிரிக்காவிலேயே வாழும் அந்த ஈயோடு அது நெடுங்காலமாகவே பழகியிருக்கிறது. கண்ட மருந்தைத் தெளித்தால் இறகு முளைக்காத குஞ்சின் மெல்லிய தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும். உயிரோடிருக்கும் இரண்டையும் தாய் தந்தையிடமே விட்டுவிடுங்கள். அடிக்கடி எட்டிப் பார்ப்பதையும் தவிருங்கள். குஞ்சுகள் பறந்துபோன பிறகு, எசெம்வெலோ வனவிலங்குத் துறையிடம் அனுமதி கேட்டு, கூட்டு மெத்தையை மெல்லிய துணியால் வாய்கட்டிய கண்ணாடிப் புட்டியில் வைத்துப் பாருங்கள். வெளிவரும் ஈயைக் கண்டால்தான் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியும்.