எழுத்தாளர் வாசிப்பு அமர்வு நடத்தியவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டம் சார்பில், தேசிய நூலக வாரத்தை ஒட்டி (நவம்பர் 14 முதல் 20 வரை) சிறிய புத்தகத் திருவிழா ஒன்று நடத்துகிறோம். அரங்குகள் போட இடம் கிடைத்துவிட்டது. மாலை நிகழ்ச்சிக்குத்தான் உங்கள் யோசனை வேண்டும்.

ஈரோடு, நெய்வேலி புத்தகத் திருவிழாக்களைப் போலப் பெரிய மேடை, சொற்பொழிவு என்று போக எங்களால் முடியாது. அதைவிட, எழுத்தாளரே தன் கதையில் கால் மணி நேரம் வாசித்து, அப்புறம் வாசகர்களோடு பேசினால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை. எழுதியவர் குரலிலேயே கேட்டால் பள்ளிப் பிள்ளைகள்கூட அந்தப் புத்தகத்தைத் தேடிப் போவார்கள் என்று நம்புகிறேன்.

ஆனால் கேள்வி நேரத்தில் ஒருவரே மைக்கைப் பிடித்துத் தனிச் சொற்பொழிவு ஆற்றிவிடுகிறார். கேள்விகளை முன்கூட்டியே துண்டுச்சீட்டில் எழுதி வாங்கினால் சரியாக வருமா? அரங்குகளின் இரைச்சல் கேட்காமலிருக்க நூலகத்துக்குள்ளேயே நடத்தலாமா? இரண்டில் எதையாவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அழைக்கும் எழுத்தாளருக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் கட்டாயம் கொடுப்போம். சால்வைக்குப் பதில் ஒரு தொகையாகச் சன்மானம் கொடுப்பதே மரியாதை என்பது என் கருத்து. எவ்வளவு கொடுப்பது முறையாக இருக்கும்?

இன்னொன்று: அவர்களுடைய நூல்களை, விற்றது போக மீதியைத் திருப்பித் தரும் ஏற்பாட்டில் அனுப்பும் பதிப்பகங்கள் இருந்தால் தெரிவியுங்கள். சிறார் எழுத்தாளர்களைப் பரிந்துரைத்தால் இன்னும் மகிழ்ச்சி.