கண்ணாடிக் குமிழி

சோலார் நிலையம் ஒன்றுக்கு மின் கொள்முதல் ஒப்பந்தம் எழுதிட்டிருந்தேன். வக்கீலா நான் தனியா எழுதின முதல் ஒப்பந்தம் அது. கையெழுத்துக்கு முன்னாடி, அதே கம்பெனியோட ஓடிட்டிருக்கிற இன்னொரு நிலையத்தைப் பார்த்துட்டு வாம்மான்னு சீனியர் அனுப்பினார்.

உச்சி வெயில் நேரம். கண்ட்ரோல் ரூம் திரையில் உற்பத்திக் கோடு ஏறிட்டே போய், சட்டுன்னு பாதிக்கு இறங்கித் தட்டையா நின்னுடுச்சு. "பேனல் ரிப்பேரா சார்?"னு கேட்டேன். "இல்லை மேடம், மின்சாரத்தைக் கொண்டுபோற கிரிட்டில் இடமில்லை, குறைக்கச் சொல்லிட்டாங்க. வெயில் இருக்கு, மெஷின் ரெடி, ஆனா விக்க முடியாது. இந்த யூனிட்டுக்கு யார் காசு தருவாங்கன்னு உங்க ஒப்பந்தத்துல எழுதியிருக்கீங்களா?"ன்னார் இன்ஜினியர்.

போர், வெள்ளம், வேலைநிறுத்தம் எல்லாம் எழுதியிருந்தேன். இதை எழுதலை.

திரும்பி வந்து 'டீம்டு ஜெனரேஷன்' ஷரத்தைச் சேர்த்தேன். வாங்குபவர் தரப்பால் நின்ற மின்சாரம், உற்பத்தியானதாகவே கருதப்படும். ஆனா எத்தனை யூனிட்டுன்னு எப்படிக் கணக்கிடுவது? திரும்ப அந்த இன்ஜினியரையே கூப்பிட்டேன். பேனல் பக்கத்துல பைரனோமீட்டர்னு ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழி இருக்கும், வெயிலை அளக்கிற கருவி, அதை வெச்சுத்தான் கணக்குன்னார். குமிழி மேல தூசி படிஞ்சா அளவு குறையும், பணமும் குறையும். அதனால அதை யார் துடைக்கணும், எப்போ சரிபார்க்கணும்னும் ஒப்பந்தத்துல வந்தது. இந்தத் துறைக்கு வர்ற ஜூனியர்களை முதல்ல ஒரு நிலையத்துக்குத்தான் அனுப்புறேன்.

---

அக்கா, உங்க அனுபவத்தைப் படிச்சேன். நானும் வக்கீல்தான், ஆனா காலநிலை வழக்குப் பக்கம். வெப்ப அலையில் அவதிப்பட்ட வயசான அம்மாக்கள் சிலர் வந்திருந்தாங்க. ஆளுக்கொரு வழக்கு போடலாமாப்பான்னு கேட்டாங்க. காலநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு போதுமானதைச் செய்யலைன்னு சுவிட்சர்லாந்து மூதாட்டிகள் போட்ட வழக்கைச் சொன்னேன். 2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவங்க சங்கத்துக்குச் சாதகமாத் தீர்ப்பு சொன்னது. 2,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், சராசரி வயது 73. அதே வழக்கில் தனிநபரா வந்த நாலு பெண்களோட மனுவை ஏற்கவே இல்லை. தனிப்பட்ட பாதிப்புக்கு நீதிமன்றம் வெச்ச அளவுகோல் அவ்வளவு உயரம். அந்த நாலு பேரை நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறலை.

எங்க நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாதுன்னும் சொன்னேன். அந்த அம்மாக்களில் மூத்தவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்போ சங்கம் பதிவு பண்ண என்னென்ன பேப்பர் வேணும் தம்பி?"ன்னு பையிலிருந்து நோட்டை எடுத்தாங்க.