உதவி: .22 ரைஃபிள், ப்ரோன் (படுத்துச் சுடறது), 50 மீட்டர் – குரூப் (தோட்டா விழுந்த ஓட்டைங்களோட கூட்டம்) மேலயும் கீழயுமா இழுக்குது

புதுஷூட்டர்:
அவசரம். ஞாயித்துக்கிழமை மேட்ச். ப்ரோன்ல குரூப் மேலயும் கீழயுமா நீளுது, இடவலம் சரியா இருக்கு. பேரல் போயிடுச்சா? வேற ரைஃபிள் பார்க்கணுமா? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

கோவைக்காரன்:
என்ன ரைஃபிள், என்ன அம்மோ (தோட்டா)? ஸ்லிங்ல (கையில மாட்டி ரைஃபிளைத் தாங்கற வார்) சுடறீங்களா, மணல் மூட்டை மேல வெச்சா? எவ்வளவு நீளுது? ஒண்ணுமே சொல்லலையே தம்பி.

லாட்நம்பர்:
அம்மோதான், சந்தேகமே வேண்டாம். பிராண்ட் ஒண்ணா இருந்தாலும் லாட் (ஒரே தடவையில தயாரிச்ச தொகுதி) மாறினா சில பேரலுக்கு ஒத்துக்காது. எலி (Eley), லாப்புவா (Lapua)ன்னு ரெண்டு தோட்டா கம்பெனியுமே ஷூட்டர் தன்னோட ரைஃபிளைக் கொண்டுபோய் லாட் லாட்டா சுட்டுப் பார்த்து வாங்க இடம் வெச்சிருக்காங்க. பெட்டியைத் திருப்பி நம்பரைப் பாருங்க.

கணக்குவாத்தியார்:
அம்மோ மேலயே எல்லாப் பழியையும் போட முடியாது. தோட்டா வேகம் விநாடிக்கு 325 மீட்டர்னா 50 மீட்டர் போக ஏறக்குறைய 0.15 விநாடி. அதுக்குள்ள தோட்டா சுமார் 12 சென்டிமீட்டர் இறங்கும். வேகத்துல 10 மீட்டர் குறைஞ்சா இன்னும் 7 மில்லிமீட்டர் இறங்கும், அவ்வளவுதான். இந்த டார்கெட்ல ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். 10 பாயிண்ட் போய் 9 ஆச்சுன்னா அம்மோவா இருக்கலாம். 8 விழுந்தா வேற இடத்துல தேடுங்க.

டார்க்ரெஞ்ச்:
ஆக்ஷன் ஸ்க்ரூ (பேரல் இருக்கற பகுதியைக் கட்டையோட இறுக்கற திருகு) லூசா இருக்கான்னு யாராவது கேட்டீங்களா? எனக்கு ஒரு சீசனே அதுல போச்சு.

பழையரேஞ்ச்:
ரைஃபிள் தொட்டு ஆறு மாசம்கூட ஆகியிருக்காது, அதுக்குள்ள பேரல் மாத்தக் கேள்வி. நாங்கல்லாம் மாசக்கணக்கா ட்ரை ஃபயர் (தோட்டா போடாம விசையை அழுத்திப் பழகறது) பண்ணிட்டுத்தான் பேப்பர்ல சுட்டோம். முதல்ல படுக்கக் கத்துக்கோங்க.

டார்க்ரெஞ்ச்:
கிளப் .22-ல வெறுமனே ட்ரை ஃபயர் பண்ணச் சொல்லாதீங்க சார். சில ரைஃபிள்ல ஃபயரிங் பின் (தோட்டாவைத் தட்டற ஊசி) சேம்பர் (தோட்டா உட்கார்ற குழி) விளிம்புல மோதும். சுட்ட தோட்டாவோட காலிக் கேஸை உள்ள போட்டு அடிக்கணும்.

பழையரேஞ்ச்:
போட்டிக்குன்னே செஞ்ச மேட்ச் ரைஃபிள்ல அந்தப் பிரச்சினை வராது. இத்தனை வருஷம் நான் பார்க்காததா?

டார்க்ரெஞ்ச்:
அவர் மேட்ச் ரைஃபிள்னு இன்னும் சொல்லவே இல்லையே.

புதுஷூட்டர்:
ஸாரி, வேலையில இருந்தேன். கிளப்போட ஆன்ஷூட்ஸ் கம்பெனி ரைஃபிள், ஸ்லிங்லதான். ஜாக்கெட் செகண்ட் ஹேண்ட். ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் 10 ஷாட் எல்லாம் 10. 20 தாண்டினதும் 9, 8ன்னு கீழ இறங்குது. எழுந்து தண்ணி குடிச்சிட்டு வந்து படுத்தா மறுபடி மேல.

கோவைக்காரன்:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! ஷாட் வரிசையா இறங்குதுன்னா ஸ்லிங் கையில நழுவுது. மேல் கையில இருந்து முழங்கைப் பக்கம் இறங்க இறங்க ரைஃபிள் தொய்யும், நீங்க அறியாம தசையால தூக்கிப் பிடிப்பீங்க. ஜாக்கெட்டோட இடது கையில வெளிப்பக்கம் ஒரு கொக்கியோ பட்டனோ இருக்கணும், ஸ்லிங்கை அதுல மாட்டுங்க. பழைய ஜாக்கெட்னா அது பிஞ்சு போயிருக்கும், தெச்சுக்கோங்க. அப்புறம் பொசிஷனைப் புதுசா கட்டணும். கண்ணை மூடி ரெண்டு மூச்சு விட்டுத் திறங்க. குறி தள்ளி நின்னா கையால இழுக்காதீங்க. இடது முழங்கையை அசைக்காம உடம்பை நகர்த்துங்க. 60 ஷாட்டுக்கு 50 நிமிஷம் இருக்கு, நடுவுல நிறுத்தி ஸ்லிங்கைப் பார்க்கத் தாராளமா நேரம் இருக்கு.

புதுஷூட்டர்:
கொக்கி பிஞ்சுதான் இருந்துச்சுண்ணா. தெச்சு மாட்டி 40 ஷாட் போட்டேன், 8 ஒண்ணுகூட இல்ல. ரொம்ப நன்றி. பஸ்ஸுக்கு நேரமாச்சு.

லாட்நம்பர்:
சந்தோஷம் தம்பி. அந்த லாட் நம்பரை மட்டும் சொல்லிட்டுப் போங்க.