இடப்பக்கம் இழுத்தாலே குதிரை தலையை உதறுது, கடிவாளம் சரியில்லையா?

பள்ளிகொண்டாவில் இருந்து எழுதுகிறேன். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு செவலைப் பெட்டைக் குதிரை வாங்கினேன். பல் பார்த்தவர் நாலு வயது என்றார். விடியற்காலையில் பாலாற்று மணலில் ஓட்டுவேன். நடையில் பரமசாது. கடிவாள வாரை இடப்பக்கம் லேசாக இழுத்தால் போதும், தலையைத் தூக்கி உதறுகிறது, வாயைப் பிளந்து நாக்கை வாயிலுள்ள கடிவாள இரும்புக்கு மேலே போட்டுக்கொள்கிறது. நேற்று இடது கடைவாயில் ரத்தம். சந்தையில் கூடவே கொடுத்த, நடுவில் ஒரே மூட்டு உள்ள கடிவாளம்தான் போடுகிறேன். முள் கடிவாளம் போட்டால் அடங்கிவிடும் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

ஜட்கா வீட்டுப் பிள்ளை, வேலூர்:
தம்பி, முள் கடிவாளம் பக்கமே போகாதே. 1965-லேயே மத்திய அரசு விதி போட்டுத் தடுத்த சாமான் அது. உன் குதிரை அடங்காம இல்ல, அதுக்கு வலிக்குது. புண் ஆறுற வரைக்கும் வாயில இரும்பே வேணாம், தலைக்கயிறு போட்டுக் கையில பிடிச்சு நடத்து.

அப்புறம் வாயை அள. சணல்ல ஒரு முடிச்சு போட்டு, முடிச்சு வலது கடைவாய்க்கு வெளியே நிக்கிற மாதிரி வாய் வழியா இழுத்து, இடது கடைவாய்கிட்ட மையால குறி வை. இரும்பு அதைவிட கால் அங்குலம், மிஞ்சினா அரை அங்குலம் கூட இருக்கலாம். அதுக்கு மேல போனா, இழுக்கிற பக்கம் நகர்ந்து மூட்டு நடுவுல நிக்காது. மாட்டினதும் கடைவாயில ஒண்ணு ரெண்டு மடிப்பு விழணும். எங்க தாத்தா கைக்குட்டையை இரும்புல சுத்தி உருவிப் பார்ப்பார். ஒரு நூல் சிக்கினாலும் அந்தக் கடிவாளத்தைத் தொடமாட்டார். நீயும் பாரு.

காட்பாடி வாசகி:
அண்ணா, பல்லையும் காட்டுங்க. நாலு வயசுல பால் கடைவாய்ப்பல் விழுந்து புதுசு முளைக்கும். சில குதிரைங்களுக்கு மேல்தாடையில, முதல் கடைவாய்ப்பல்லுக்கு முன்னாடி பொடிசா ஓநாய்ப்பல் இருக்கும். இரும்பு அதுல இடிச்சா உயிர் போற வலி. வாயைத் திறக்குதேன்னு மூக்குப்பட்டையை இறுக்கிடாதீங்க, ரெண்டு விரல் நுழையணும்.

கேட்டவர், மூன்று வாரம் கழித்து:
வாய் 4¾ அங்குலம், நான் போட்டது 5½! மூட்டுக்கிட்ட கைக்குட்டை சிக்கியது, தேய்ந்து கூராகி இருந்தது. கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். இடது மேல்தாடையில் ஓநாய்ப்பல், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு. எடுத்துவிட்டார். புண் நன்றாக ஆறிய பிறகு, இப்போது 5 அங்குலத்தில் இரண்டு மூட்டு உள்ளது போடுகிறேன். நாக்கு உள்ளேயே இருக்கிறது. ஆனால் இரும்பைக் கையில் எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதற்கு என்ன வழி அண்ணே?

ஜட்கா வீட்டுப் பிள்ளை:
பழைய வலி ஞாபகம் இருக்குமில்ல தம்பி. இரும்புல கொஞ்சம் வெல்லத்தைத் தடவி நீட்டு, அதுவே வாய் திறக்கட்டும். ஒரு நிமிஷம் வச்சிட்டுக் கழட்டிடு, அன்னிக்கு ஏறாதே. அப்படியே ஒரு வாரம் செஞ்சு பாரு. ஏற ஆரம்பிச்சதும் முதல்ல காலாலயும் உடம்பாலயும் திருப்பு, வாரைக் கடைசியா தொடு.