மறு: பையின் ‘கஸ்ஸெட்’டுக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் தேவை)

மீ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். கேன்வாஸ் பை தைத்துச் சிறுதொழிலாக நடத்த விரும்புகிறவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கைப்பிடி, நாடா, வாய்மடிப்பு, உள்துணி எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன. கஸ்ஸெட்டில்தான் நிற்கிறேன்.

பையின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே ஓடி, பைக்கு ஆழம் தருகிற துணி இது. ஒரே பட்டையாக ஒரு பக்கம் இறங்கி, அடியைக் கடந்து, மறுபக்கம் ஏறலாம். மூன்று துண்டுகளாகவும் இணைக்கலாம். தனித்துண்டே வைக்காமல், அடிமூலையை முக்கோணமாகப் பிடித்துக் குறுக்கே ஒரு தையல் ஓட்டியும் அதே ஆழத்தைப் பெறலாம். மூலநூல் எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சொல்லிவிட்டுப் போகிறது. நான் ‘பக்கப்பட்டி’ என்று போட்டேன். “அடியில் இருப்பது எப்படிப் பக்கப்பட்டி?” என்று மெய்ப்பு பார்த்தவர் ஓரத்தில் எழுதிவிட்டார்.

ச. எழுதியது:

மீ. அக்கா, பட்டி வேண்டவே வேண்டாம். சட்டையில் பொத்தான் வரிசைக்குப் பட்டி, பையின் வாயோரத்தில் உள்ளே மடித்துத் தைப்பதும் பட்டி. ஒரே பக்கத்தில் ரெண்டு பட்டி வந்தால் வெட்டுகிற ஆள் எதை வெட்டுவார்? எங்கள் பட்டறையில் ‘கலி’ என்போம். பாவாடைக்குக் கலி வைக்கிறோம், சுடிதாருக்கு வைக்கிறோம், பைக்கும் வைக்கிறோம். தையல் தெரிந்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

புலவர் கோ. எழுதியது:

கலி இந்தியிலிருந்து வந்த சொல் அம்மா. அங்கே மொட்டு என்று பொருள். தமிழில் கலி என்றால் ஆரவாரம், துன்பம், ஒரு பாவகை, ஒரு யுகம். பணம் போட்டுப் பை வாங்குகிறவர் இதில் எதை எதிர்பார்ப்பார்?

‘விலாத்துணி’ என் முன்மொழிவு. உடலின் முன்னையும் பின்னையும் இணைப்பது விலா; பையிலும் அப்படியே.

இன்னொன்று. கேன்வாஸ் என்று ஏன் எழுத வேண்டும்? கித்தான் என்ற அருமையான சொல் இருக்கிறதே. கப்பல் பாய் தைத்த காலத்திலிருந்து நம்மிடம் புழங்குவது.

இரா. எழுதியது:

ஐயா, கித்தானைத் தூய தமிழ் என்று நினைத்துச் சொல்கிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அரபியில் ஆளிச் செடிக்கும் அதன் நாரில் நெய்த துணிக்கும் கத்தான் என்றே பெயர். கேன்வாஸோ கன்னாபிஸ் என்ற லத்தீன் சணலிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆக, பருத்தியில் நெய்த துணியை ஒருவர் சணல் என்கிறார், மற்றவர் ஆளி என்கிறார்.

உண்மையில் பொருந்துகிற சொல் ‘இரட்டு’. பேச்சில் ரெட்டுத்துணி. டக் கேன்வாஸ் என்று விற்கிறார்களே, அதில் பாவில் (நீளவாக்கில்) நூல் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடும், ஊடையில் (குறுக்கே) ஒற்றையாக ஓடும். நெசவைப் பார்த்து வைத்த பெயர்தான் இரட்டு. டக் என்பதற்கும் நீரில் நீந்தும் பறவைக்கும் தொடர்பு கிடையாது. துணியைக் குறிக்கும் டச்சுச் சொல் ‘தூக்’கிலிருந்து வந்தது. மீ., உங்கள் வரைவில் ‘வாத்துத்துணி’ இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

கஸ்ஸெட்டின் கதையும் சுவையானது. பழைய பிரெஞ்சில் அது போர்க்கவசத்தோடு வருகிறது. இரும்புத் தகடு அக்குளை மூடாது. மூடினால் கை அசையாது. அந்த இடைவெளியில் வைத்த சங்கிலிவலைத் துண்டுக்கு அந்தப் பெயர். அதற்கும் முன்னால் போனால் பருப்பின் உறையைக் குறித்த சொல்லோடு உறவு சொல்கிறார்கள்.

மீ. எழுதியது:

வாத்துத்துணி இருந்தது. முதல் வரைவைக் கணினி செய்தது, எடுத்துவிட்டேன். கவசம், உறை எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது தோழர். ஆனால் எனக்கு வேண்டியது சொல். விலாவிலும் பக்கப்பட்டியின் பழுதே இருக்கிறது. அடியில் விலா எப்படி வரும்?

கேன்வாஸ் அட்டையில் அச்சாகிவிட்டது. அதை யாரும் தொடவேண்டாம்.

ந. எழுதியது:

காலை அகட்டி நில் என்கிறோம். தட்டையாகக் கிடக்கிற பையின் அடியை அகட்டி நிற்க வைப்பதுதான் இந்தத் துணியின் வேலை. ‘அகட்டு’ என்று வைத்தால் என்ன? கிடைக்கிற ஆழத்துக்கு அகட்டு. அதற்காகத் தனியாக வெட்டுகிற துணிக்கு அகட்டுத்துண்டு. மூலையைப் பிடித்துத் தைப்பதற்கு மூலையகட்டு. துண்டு வேறு, ஆழம் வேறு என்பதும் தெளிவாகிவிடும்.

புலவர் கோ. எழுதியது:

அடடா! ந. அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, அகடு என்றால் வயிறு. ‘அகடாரார் அல்லல் உழப்பர்’ என்று சூது அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது வயிறு நிறையாதவரை. பையின் வயிறுதானே இது! விலாவைச் சற்று ஒத்திவைக்கிறேன்.

ஆனால் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். அகட்டு என்ற வினையடியோடு துண்டு சேர்ந்தால் அது வினைத்தொகை. அலைகடல் போல ஒற்று மிகாது. ‘அகட்டுதுண்டு’ என்றே எழுத வேண்டும். அகடு என்ற பெயரோடு சேர்ந்தால் உயிர்த்தொடர்க் குற்றியலுகரத்தில் டகரம் இரட்டித்து, வேற்றுமையில் வல்லினமும் மிகும்: ‘அகட்டுத்துண்டு’. ந. காலை நினைத்துக்கொண்டு வயிற்றுக்கு உரிய ஒற்றைப் போட்டிருக்கிறார்.

இரா. எழுதியது:

அகல், அகற்று, அகட்டு மூன்றும் ஒரே குடும்பமாக இருக்கலாம் ஐயா. அகடு தனிக்குடும்பம் என்பதற்கு என்ன சான்று? உள்ளே என்னும் ‘அக’த்தோடும் சேர்க்கலாமே. இதைத் தனி இழையில் பேசுவோம்.

ச. எழுதியது:

> அகல், அகற்று, அகட்டு

இதுதான் எனக்குப் பயம். மூலையைப் பிடித்துத் தைக்கிற முறையில் துணியை நிஜமாகவே அகற்றுகிறோம். 10 செ.மீ. ஆழம் வேண்டுமென்றால் ரெண்டு மூலையிலும் 5 செ.மீ. சதுரம் வெட்டி எடுப்போம். ‘அகட்டு 10’ என்று எழுதியதை ‘அகற்று 10’ என்று ஒருத்தி படித்துவிட்டால் 10க்கு 10 சதுரம் போய்விடும். பை அடியில் இருபது சென்டிமீட்டர் அகலத்தில் உட்காரும். பருத்திச் சட்டையென்றால் ஒட்டுப் போடலாம்; கேன்வாஸில் ஒட்டு பளிச்சென்று தெரியும், யாரும் வாங்கமாட்டார்கள்.

ந. அண்ணன் சொன்ன பிரிவு மட்டும் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் விலைக் கணக்கே அதில்தான் மாறுகிறது. 40க்கு 40 தட்டைப் பையில் 10 செ.மீ. மூலையைப் பிடித்தால் அடி 30க்கு 10 ஆகும், உயரம் 35க்கு இறங்கும். புதுத்துணி ஒரு நூல்கூடச் செலவில்லை; மூலைக்கு ஒரு தையல்தான் கூடுதல். தனித்துண்டு வைத்தால் அதே அளவுக்கு 35, 30, 35 என்று ஒரு மீட்டர் நீளத்துக்குப் பட்டை வேண்டும், தையலுக்கு விடுகிற இடம் தனி. ரெண்டு நீளத் தையல். மூலை திரும்புகிற இடத்தில் பட்டையின் ஓரத்தைத் தையல்கோட்டை எட்டாமல் கத்தரியால் நறுக்கிவிட்டுத் திருப்பணும். பட்டையைப் பாவு ஓடுகிற வாக்கில் வெட்டினால்தான் இழுபடாது. ஓரத்துக்கு நாடா வேறு கட்டினால் மூலையில் துணி அடுக்கடுக்காய் ஏறி ஊசி உடையும். சுத்தியலால் தட்டிப் படியவைத்து, 110 நம்பர் ஊசி போட்டு மெதுவாக ஓட்டுவோம். ரெண்டுக்கும் ஒரே பேர் போட்டு ஒரே கூலி எழுதினால், புதுசாகத் தொழிலுக்கு வருகிறவர் முதல் ஆர்டரிலேயே கையைச் சுட்டுக்கொள்வார்.

பேர் கலி என்று இருந்தால் எனக்கு மகிழ்ச்சி. தனித்துண்டு இருந்தால் கலி, இல்லாவிட்டால் மூலைத்தையல். இதில் யாருக்கு என்ன சந்தேகம் வரும்?

இரா. எழுதியது:

ச. சொல்வதில் நியாயம் இருக்கிறது. வடசொல்லைக்கூட வடவெழுத்தை நீக்கிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். கலியில் நீக்குவதற்கு எழுத்தே இல்லை ஐயா, பிறந்தபோதே தமிழ் எழுத்தோடு பிறந்திருக்கிறது.

புலவர் கோ. எழுதியது:

தொல்காப்பியர் செய்யுளுக்குச் சொன்னதைத் தையல் எந்திரத்துக்குக் கொண்டுவருகிறீர்கள். அந்த வழியில் போனால் கஸ்ஸெட்டையே வைத்துக்கொள்ளலாமே.

ந. எழுதியது:

அதையும் யோசித்துப் பார்த்தேன். கசெட்டு, குசெட்டு, காசெட்டு என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். கடைசியில் பாட்டுக் கேட்கிற கேசட்டில் வந்து நிற்கும்.

மீ. எழுதியது:

நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும். எண்ணிப் பார்த்தால் அகட்டுக்கு மூவர், புலவர் ஐயா ஒற்று நிபந்தனையோடு. கலிக்கு ச.வும், பாதி மனதாக இரா.வும். நான் செய்யப்போவது இதுதான். துண்டுக்கு ‘அகட்டுத்துண்டு’, முதலில் வருமிடத்தில் ‘தையற்கடைகளில் கலி என்பர்’ என்று ஒரு வரி. மூலை முறைக்கு ‘மூலைத்தையல்’. அளவுப் பட்டியலில் அகட்டு வராது. நீளம், உயரம், அடியகலம் என்றே போடுகிறேன். பை வாங்குகிறவரும் ‘அடி எவ்வளவு அகலம்?’ என்றுதான் கேட்பார். விலைக் கணக்கு அத்தியாயத்தில் இரண்டு முறைகளையும் தனித்தனி வரிசையாக்கிவிட்டேன்.

புலவர் கோ. எழுதியது:

மூலைத்தையல் என்று பிரித்துவிட்டால் அகட்டு என்ற பொதுச்சொல்லின் அழகே போயிற்று. இருக்கட்டும். ஒற்று இருப்பதால் அது வயிறுதான் என்று ஓர் அடிக்குறிப்பாவது போடுங்கள். கித்தானை மறுபதிப்பில் கவனிக்கலாம்.

இரா. எழுதியது:

இரட்டு, ஐயா.

ச. எழுதியது:

அச்சில் என்ன வந்தாலும் வகுப்பில் கலி என்றுதான் நான் சொல்லித்தருவேன், அக்கா. அனுப்புவதற்கு முன்னால் மூலைத்தையல் படத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 5 செ.மீ. அம்புக்குறி துணி ஓரத்திலிருந்து தொடங்குகிறது. தையல்கோட்டிலிருந்து தொடங்கணும்.