1854 அமெரிக்கத் தேர்தலில் வென்றது எந்தக் கட்சி?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை மாணவி

வணக்கம். முதுகலை வரலாற்றுத் தேர்வுக்குப் படித்து வருகிறேன். 1854-55 பிரதிநிதிகள் சபைத் தேர்தலின் கட்சி நிலவரத்தை என்னிடமுள்ள மூன்று நூல்கள் மூன்று விதமாகத் தருகின்றன. ஜனநாயகக் கட்சி வீழ்ந்தது என்கின்றன. எதிரே நின்ற விக் கட்சியும் அப்போதே கரைந்தது என்கின்றன. அப்படியானால் வென்றவர் யார்?

பதில்: மூணாறு ஓய்வுபெற்ற ஆசிரியர்

நூல்களில் பிழையில்லை, அம்மா. எண்ண வேண்டிய கட்சிகளே அன்று நிலையாக இல்லை. 1854 மே மாதம் நிறைவேறிய கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம், வடபகுதி நிலங்களில் அடிமைமுறைக்கு 1820 முதல் இருந்துவந்த தடையை நீக்கி, அங்கே குடியேறுவோரே அதை முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. அதை ஆதரித்து வாக்களித்த வட மாநில ஜனநாயகக் கட்சியினர் 44 பேரில் மீண்டும் சபைக்கு வந்தவர்கள் 7 பேர்தாம். அவர்களைத் தோற்கடித்தவர்களோ ஒரு கட்சியாக நிற்கவில்லை. பழைய விக்குகள், சொந்தக் கட்சியோடு முறித்துக்கொண்ட ஜனநாயகர்கள், குடியரசுக் கட்சி என்ற புதுப்பெயரை அப்போதுதான் சூடியவர்கள், குடியேறிகளையும் கத்தோலிக்கரையும் எதிர்த்த 'நோ நத்திங்' இயக்கத்தார் (கேட்டால் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பார்களாம், அதனால் அந்தப் பெயர்) என்று பலர் கலந்திருந்தார்கள். ஒருவரே இரண்டு அடையாளங்களோடு வென்றதும் உண்டு; அவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை. கட்சிக்காரர்களே தங்கள் வேட்பாளர் பெயர்களை அச்சிட்டுக் கையில் கொடுப்பார்கள். வாக்காளர் அதைப் பலர் பார்க்கப் பெட்டியில் போடுவார். ஆகவே புதுக் கூட்டணி தொடங்க ஓர் அச்சகம் போதும். பதிவும் வேண்டாம், சின்னமும் வேண்டாம். தேர்தலும் ஒரே நாளில் நடக்காமல், மாநிலத்துக்கு மாநிலம் 1854 ஆகஸ்ட் முதல் 1855 நவம்பர் வரை நீண்டதால், முதலில் வென்றவரின் கட்சிப்பெயர் சபை கூடுவதற்குள் மாறிவிடவும் இடமிருந்தது.

பதில்: பாலக்காடு வாசகர்

ஆசிரியர் ஐயா சொன்னதன் விளைவு சபைத்தலைவர் தேர்தலில் தெரிந்தது. 1855 டிசம்பரில் கூடிய சபையில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் இரண்டு மாதம் வாக்கெடுப்பு நடந்துகொண்டே இருந்தது. கடைசியில், அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்று விதியைத் தளர்த்திய பிறகு, 1856 பிப்ரவரி 2 அன்று மாசசூசெட்சின் நத்தானியல் பேங்க்ஸ், தென் கரோலினாவின் வில்லியம் ஐக்கனை 103-100 என்று வென்றார். அது 133ஆவது வாக்கெடுப்பு. நமக்கு 133 என்றால் குறளின் அதிகாரங்கள் நினைவுக்கு வரும். எனக்கோ 1965 கேரள சட்டமன்றமும் வருகிறது. அங்கும் 133 இடங்கள், யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஆனால் அச்சபை ஒருநாளும் கூடாமலே கலைந்தது.

கொழிஞ்சாம்பாறை மாணவி

இருவருக்கும் நன்றி. அந்த இரண்டு மாதமும் சபையை நடத்தியவர் யார்?

பதில்: மூணாறு ஓய்வுபெற்ற ஆசிரியர்

முந்தைய சபையின் செயலர் ஜான் ஃபோர்னி. சபைத்தலைவர் இல்லாத நிலையிலேயே, டிசம்பர் 31 அன்று அதிபர் பியர்ஸ் தம் ஆண்டுச் செய்தியை அனுப்பிவிட்டார். அதை வாங்கலாமா கூடாதா என்பதே அங்கே இன்னொரு சச்சரவாயிற்று.